பெட்ராபோல் எல்லையில் 138 மணி நேரம்: எந்த வழி எத்தனை மணியைக் குறைக்கும்?

கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் பெட்ராபோல் இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்தின் பெனாபோல். இரு நாடுகளின் தரைவழி வணிகத்தில், மதிப்பளவில் சுமார் 70 விழுக்காடு இந்த ஒற்றை வாசல் வழியாகவே நடந்துவந்தது. 2021 மார்ச்சில் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, சரக்கு இந்த எல்லையைக் கடக்க 138 மணி நேரம் ஆகிறது என்றும், அதில் 28 மணி நேரம் சரக்கை ஒரு லாரியிலிருந்து இறக்கி மற்றொரு லாரியில் ஏற்றுவதற்கே போகிறது என்றும் கணக்கிட்டது. இதே அளவு போக்குவரத்து உள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுவதாகவும் அதே அறிக்கை கூறியது.

இந்தப் பிரச்சினையைப் பேசுவோர் பெரும்பாலும், அடுத்த நாட்டு லாரியை உள்ளே விடலாமா கூடாதா என்ற ஒரே கேள்விக்குள் விவாதத்தை அடைத்துவிடுகிறார்கள். மேலே உள்ள இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வி பிரச்சினையின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தொடுகிறது என்பது புலப்படும். 138-இல் 28 போக எஞ்சுவது 110 மணி நேரம். நான்கரை நாட்களுக்கும் கூடுதலான அந்த நேரத்தில் சரக்கை யாரும் தொடுவதில்லை. லாரி வரிசையில் நிற்கிறது, தாள்கள் மேசை மேசையாகப் போகின்றன. ஆகவே முன்னால் இருக்கும் வழிகளை, அவை எவ்வளவு நவீனமானவை என்பதைக் கொண்டோ எத்தனை நாடுகள் கையெழுத்திட்டிருக்கின்றன என்பதைக் கொண்டோ ஒப்பிடாமல், இந்த இரண்டு நேரங்களில் எதை எவ்வளவு வெட்டுகின்றன என்பதைக் கொண்டு ஒப்பிடுவதே பயன் தரும்.

முதலில், இப்போதைய நடைமுறை. இந்திய லாரி எல்லைக்கு முன்பாக வனகாவ் நகரை ஒட்டிய நிறுத்துமிடத்தில் தன் முறைக்குக் காத்திருக்கிறது. முறை வந்ததும் பெட்ராபோல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடிக்குள் நுழைந்து, ஏற்றுமதிக்கான சுங்கத் தாள்களை முடித்துக்கொண்டு, ‘கார் பாஸ்’ எனப்படும் தற்காலிக அனுமதிச் சீட்டுடன் கோட்டைத் தாண்டுகிறது. அதன் பயணம் பெனாபோல் துறையின் முற்றத்தோடு முடிந்துவிடும். அங்கே சரக்கு கிடங்கிலோ உள்ளூர் லாரியிலோ இறக்கப்படுகிறது. இந்திய லாரி வெறுமையாகத் திரும்புகிறது. இறக்குமதியாளரின் கிளியரிங் ஏஜென்ட் தாள்களைத் தாக்கல் செய்து, சோதனை முடிந்து, தீர்வை கட்டிய பிறகே சரக்கு டாக்காவை நோக்கிக் கிளம்பும். இந்த ஏற்பாட்டில் லாரி ஓட்டுநருக்கு விசா வேண்டாம், வெளிநாட்டுக் காப்பீடு வேண்டாம், ஓட்டுநர் உரிமத்தை அயல்நாட்டார் ஏற்பார்களா என்ற கவலையும் வேண்டாம். அதன் எளிமையை ஏளனம் செய்யக் கூடாது. அரை நூற்றாண்டாக இந்த வணிகத்தைத் தாங்கிவந்தது அதுதான். (எல்லையைத் தன் சக்கரங்களாலேயே கடந்து அங்கேயே தங்கிவிடுவது, மேற்கூடு கட்டாமல் விற்கப்படும் பேருந்து, லாரிச் சேஸிஸ் போன்றவைதான். காரணம், அங்கே வண்டியே சரக்கு.)

இந்த நடைமுறையை மாற்றாமல் வேகப்படுத்துவதே முதல் வழி. இதற்கு உடன்படிக்கை எதுவும் தேவையில்லை. சிமெண்டும் கணினியும் போதும். இந்தியா இதைத்தான் அதிகம் செய்திருக்கிறது. பெட்ராபோல் சோதனைச் சாவடி 2016-இல் இயங்கத் தொடங்கியது. 2017 ஆகஸ்டிலிருந்து சரக்குப் போக்குவரத்து இருபத்துநான்கு மணி நேரமும் அனுமதிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் ‘மைத்ரி துவார்’ என்ற பொதுச் சரக்கு வாயில் திறக்கப்பட்டது. வனகாவ் நிறுத்துமிடங்களில் யார் முன், யார் பின் என்பதில் நிலவிய குழப்பத்துக்குத் தீர்வாக, மேற்கு வங்க அரசு லாரிகளுக்கு இணையவழி முன்பதிவையும் கொண்டுவந்தது.

இவை தேவையான பணிகளே. ஆனால் ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும்: சாவடி திறந்தது 2016-இல், 138 மணி நேரம் என்ற கணக்கு வெளிவந்தது 2021-இல். பெரிய முற்றம் கட்டியபின்னும் நிலைமை அதுதான் என்றால், தடை இடப்பற்றாக்குறையில் மட்டும் இல்லை. பெனாபோல் கிடங்கு நிறைந்துவிட்டால் பெட்ராபோலில் எத்தனை வாயில் இருந்தும் பயனில்லை. குழாயின் ஒரு முனையை அகலமாக்கினால் தண்ணீர் நடுவில் தேங்கும். போதாக்குறைக்கு, எல்லைக்குச் செல்லும் யசோர் சாலையே குறுகலானது. அதன் இருபுறமும் நிற்கும் நூற்றாண்டு மரங்களில் 356-ஐ ரயில்வே மேம்பாலங்களுக்காக வெட்டலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 பிப்ரவரியில்தான் அனுமதியோடு முடிந்தது. அந்த மரங்களுக்காக வழக்காடியவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லையில் நான்கரை நாள் வீணாகும்போது, சாலையில் மிச்சமாகும் அரை மணிக்கு மரங்கள் விலையாக வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான்.

இரண்டாவது வழிதான் அதிகம் பேசப்படுவது: வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளின் மோட்டார் வாகன உடன்படிக்கை. 2014 நவம்பரில் காத்மாண்டு சார்க் மாநாட்டில் தெற்காசியா முழுமைக்குமான உடன்படிக்கை பாகிஸ்தான் சம்மதிக்காததால் நின்றுபோனது. அதன் பின் ஒத்த கருத்துள்ள நான்கு நாடுகள் தனியே கூடி, 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்திட்டன. பதிவு பெற்ற வாகனம் பெர்மிட்டுடன், குறிக்கப்பட்ட பாதையில், அடுத்த நாட்டுக்குள் சரக்கை இறக்கும் இடம் வரை செல்லலாம். ஆனால் அந்த நாட்டுக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு வாடகைக்குச் சரக்கு ஏற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2015 நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கும், 2016 ஆகஸ்டில் டாக்காவிலிருந்து டெல்லிக்கும் சோதனை ஓட்டங்கள் நடந்தன. படங்கள் எடுக்கப்பட்டன; சரக்கு போய்ச் சேர்ந்தது.

பிறகு வந்தது நிதானம். 2016 நவம்பரில் பூட்டானின் மேலவை உடன்படிக்கையை நிராகரித்தது. சிறிய மலை நாட்டுக்குள் அயல் லாரிகள் எத்தனை வரும், சாலையும் சூழலும் தாங்குமா, உள்ளூர் லாரிக்காரர் பிழைப்பு என்னாகும் என்பவை அங்கே எழுந்த கேள்விகள். 2017-இல் பூட்டான், தன்னை விட்டுவிட்டு மற்ற மூவரும் முன்னே செல்லலாம் என்று சொல்லிவிட்டது. 2022 மார்ச்சில் மூன்று நாடுகளும் டெல்லியில் கூடி, உடன்படிக்கையைச் செயல்படுத்துவதற்கான புரிந்துணர்வுக் குறிப்பை வடிவமைத்தன. சரக்கு வண்டிகளுக்கும் பயணிகள் வண்டிகளுக்கும் தனித்தனியே நெறிமுறைகள் வகுக்கும் பேச்சும் நீண்டுகொண்டே போனது.

இந்த வழி வெட்டுவது எதை என்று கேட்டால், முதன்மையாக அந்த 28 மணி நேரத்தைத்தான். சரக்கு இறங்காது, ஏறாது, சேதாரமும் திருட்டும் குறையும். ஆனால் சுங்கச் சோதனையும் தீர்வை கட்டுவதும் எல்லையிலேயே நடக்கும் வரை 110 மணி நேரம் அப்படியே இருக்கும். இன்னொரு விதத்தில் நிலைமை மோசமாகவும் கூடும். இன்று பெனாபோலில் தாள்களுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் கிடங்கில் கிடக்கும் சரக்கு. நாளை காத்திருக்கப்போவது அயல்நாட்டு லாரியும், விசா நாள் குறைந்துகொண்டே வரும் ஓட்டுநரும். ஒரு நாள் ஹால்டிங், அதாவது வண்டி சும்மா நிற்பதால் ஆகும் செலவு, எவ்வளவு என்பதை நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ உள்ள எந்த லாரி உரிமையாளரும் விரலில் சொல்லிவிடுவார். அதை நான்கால் பெருக்கினால், ஏற்றி இறக்கும் கூலியில் மிச்சமானது கரைந்துபோகும்.

அதே லாரி உரிமையாளர் கேட்கக்கூடிய இன்னொரு கேள்விக்கும் உடன்படிக்கைப் பேச்சுகளில் போதிய இடம் கிடைக்கவில்லை: ரிட்டர்ன் லோடு உண்டா? வங்கதேசத்துக்கு இந்தியா ஏற்றுமதி செய்யும் மதிப்பு, அங்கிருந்து இறக்குமதி செய்வதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். எனவே டாக்கா வரை சென்ற பெரும்பாலான லாரிகள் வெறுமையாகவே திரும்ப வேண்டியிருக்கும். நடுவழியில் உள்ளூர்ச் சரக்கு ஏற்றவும் அனுமதி இல்லை. இப்போது வெற்று ஓட்டம் பெனாபோலிலிருந்து தொடங்குகிறது. நேரடிப் போக்குவரத்தில் அது டாக்காவிலிருந்து தொடங்கும். 2022 ஜூனில் 6.15 கிலோமீட்டர் நீளமுள்ள பத்மா பாலம் திறக்கப்பட்டதால் படகுக் காத்திருப்பு ஒழிந்து, தென்மேற்கு வங்கதேசத்திலிருந்து டாக்கா செல்லும் சாலை சீராகியிருப்பது உண்மை. ஆயினும் டீசல், வெற்று ஓட்டத்துக்கும் எரியத்தான் செய்யும். எல்லையில் வண்டி மாற்றுவது பழங்காலத்து மடமை என்று எழுதுவோர், ஒவ்வொரு பக்கத்து லாரியும் தனக்குத் தெரிந்த சந்தையில் அடுத்த லோடைப் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

வேறிடத்து அனுபவமும் இதையே சொல்கிறது. மேகாங் ஆற்றுப் பகுதி நாடுகளின் எல்லைதாண்டிய போக்குவரத்து உடன்படிக்கை 1999-இல் தொடங்கி, பிற்சேர்க்கைகள் எழுதி முடிக்கவே 2007 ஆகி, எல்லா நாடுகளும் முழுமையாக ஏற்க 2015 வரை இழுத்தது. கடைசியில் 2018-இல் அவர்கள் செய்தது, முழுமைக்குக் காத்திருக்காமல் நாட்டுக்கு 500 வரை பெர்மிட் என்று வரம்பு கட்டி ஓட்டத்தைத் தொடங்கியதுதான். இத்தனைக்கும் அங்கே தாய்லாந்தில் சாலையின் இடப்பக்கமும் லாவோஸில் வலப்பக்கமும் ஓட்ட வேண்டும். பெட்ராபோலின் இரு பக்கமும் இடப்பக்கம்தான். அந்தத் தொல்லையாவது நமக்கு இல்லை.

மூன்றாவது வழி, டிஐஆர் என்ற மூன்றெழுத்தால் உலகெங்கும் அறியப்படும் சர்வதேசச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் உருவான ஏற்பாடு. இன்று நடப்பில் உள்ளது 1975-ஆம் ஆண்டு ஒப்பந்தம். அதன் அடிப்படை மிக எளியது. அயல் லாரியை எல்லையில் திறந்து பார்க்கச் சுங்க அதிகாரியைத் தூண்டும் அச்சம் ஒன்றே: இந்தச் சரக்கு வழியிலேயே விற்கப்பட்டுவிட்டால் தீர்வைப் பணத்துக்கு யார் பொறுப்பு? டிஐஆர் முறையில் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. புறப்படும் இடத்தில் அதிகாரி சரக்கைப் பார்த்து முத்திரையிடுவார், இடையில் உள்ள எல்லைகளில் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், சேருமிடத்தில்தான் தீர்வை. சரக்கு காணாமல் போனால், உத்தரவாதம் தந்த சங்கம் கட்டும். இந்தியா 2017 ஜூனில் இதில் 71-ஆவது நாடாகச் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் உத்தரவாதச் சங்கம், வணிக, தொழில் சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கி. 2019 மார்ச்சில் ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் சாபஹார் வழியாக நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துக்கு வந்ததே இந்தியாவை அடைந்த முதல் டிஐஆர் சரக்கு.

என் கணக்கில், மூன்று வழிகளில் அந்த 110 மணி நேரத்தை நேரடியாகக் குறிவைப்பது இது ஒன்றுதான். சோதனையை எல்லையிலிருந்து அகற்றி, சரக்கு கிளம்பும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் கொண்டுபோகிறது. அதனால் இதையே பெட்ராபோலுக்கும் பரிந்துரைப்பது இயல்பு. சர்வதேச வல்லுநர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டிஐஆர் வண்டிக்குத் தனி ஒப்புதல் வேண்டும்: முத்திரையை உடைக்காமல் ஒரு பொட்டலத்தைக்கூட எடுக்க முடியாதபடி அதன் உடற்கூடு அமைந்திருக்க வேண்டும். தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டிய நம்முடைய வழக்கமான திறந்த லாரி அதில் தேறாது. தார்ப்பாய் வண்டிக்கும் அதற்கென்று குறிக்கப்பட்ட வளையங்களும் கம்பிக் கயிறும் தேவை. இரண்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் ஆகும் உத்தரவாதச் செலவு ஐந்தாறு எல்லைகளைக் கடந்து மத்திய ஆசியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகும் லாரிக்குப் பரவிக் கரைந்துவிடும்; ஒரே ஒரு எல்லையைக் கடக்கும் லாரிக்கு அது முழுச் சுமையாக விழும். கடலையும் ஏரியையும் ஒரே கப்பலில் கடக்க வேண்டியதில்லை.

டிஐஆர் புத்தகம் (லாரியோடு செல்லும் உத்தரவாத ஆவணம்) இல்லாமலேயே அதன் உயிர்க்கருத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. கடல்வழி வந்து கொல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் இறங்கும் நேபாளச் சரக்குக் கண்டெய்னர்களுக்கு மின்னணுப் பூட்டு மாட்டி, வழிநெடுகக் கண்காணித்து, நேபாள எல்லை வரை அனுப்பும் முறையை இந்தியச் சுங்கத்துறை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பூட்டு திறக்கப்பட்டாலோ பாதை மாறினாலோ எச்சரிக்கை வரும். வழியில் திறந்து பார்க்க வேண்டியதில்லை. நேபாளத்துக்கும் பெட்ராபோலுக்கும் பெரிய வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. இந்திய லாரிகள் நேபாளத்துக்குள் செல்வது நெடுங்காலப் பழக்கம், எல்லையும் திறந்தது. ஆனால் பூட்டுக்கும் உத்தரவாதத்துக்கும் அந்த வேறுபாடு தடையில்லை.

நான்காவது வழி ஒன்றுக்கு ஒப்பந்தங்களில் பெயர்கூட இல்லை. இருந்தும் உண்மையில் நடந்தவற்றுள் அதிக தூரம் சென்றது அதுவே. சரக்கு அயல் நாட்டின் வழியாகப் போகட்டும், ஆனால் ஏற்றிச் செல்வது அந்த நாட்டின் லாரியாக இருக்கட்டும் என்பதே அது. அகர்தலாவிலிருந்து கொல்கத்தாத் துறைமுகத்துக்குச் சரக்கு, வடகிழக்கு மாநிலங்களை மற்ற இந்தியாவோடு இணைக்கும் சிலிகுரி இடுக்கு வழியாகச் சுற்றிப் போனால் 1,600 கிலோமீட்டர். வங்கதேசத்தின் ஊடாக 450. வங்கதேசத்தின் சட்டோகிராம் (சிட்டகாங்) துறைமுகம் என்றால் 200-தான். இந்தக் கணக்கே பேச்சுவார்த்தைகளை உந்தியது. 2016 ஜூனில், கொல்கத்தாவிலிருந்து படகில் வங்கதேச ஆற்றுத் துறைமுகமான ஆசுகஞ்ச் வந்த சரக்கு அங்கிருந்து வங்கதேச லாரிகளில் அகர்தலாவுக்குச் சென்றது. வங்கதேசம் தன் நாணயத்தில் டன்னுக்கு 192 டக்கா சொச்சம் கட்டணம் பெற்றது. 2020 ஜூலையில், கொல்கத்தாவிலிருந்து கப்பலில் சட்டோகிராம் சென்ற நான்கு கண்டெய்னர்கள், இரண்டில் இரும்புக் கம்பி, இரண்டில் பருப்பு, சாலைவழி திரிபுராவை அடைந்தன. 2023 ஏப்ரலில் இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கும் ஆணையை வங்கதேச வருவாய் வாரியம் பிறப்பித்தது.

இது ஏன் அரசியலில் தாக்குப்பிடித்தது என்பதைச் சிந்திக்க வேண்டும். மோட்டார் வாகன உடன்படிக்கை, உள்ளூர் லாரிக்காரரிடம் ‘உன் சாலையில் இனி அவன் வண்டி ஓடும்’ என்று சொல்கிறது. இந்த வழி ‘அவன் சரக்குக்கு நீ வாடகை வாங்கு’ என்கிறது. பெட்ராபோலுக்கு இதைப் பொருத்தினால், சரக்கை இறக்காமல் முன்னால் உள்ள இழுவை வண்டியை மட்டும் மாற்றும் முறை கிடைக்கும்: இந்திய வண்டி முத்திரையிட்ட டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தும், வங்கதேச வண்டி அதைக் கோத்துக்கொண்டு போகும். 28 மணி நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருங்கும். ஓட்டுநர் விசாவும் அயல்நாட்டு உரிமமும் தேவைப்படாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பெட்ராபோல் வரிசையில் பெரும்பான்மை, முன்னும் பின்னும் பிரிக்க முடியாத ஆறு சக்கர, பத்துச் சக்கர லாரிகள். கண்டெய்னர் சரக்குக்கு மட்டும் இது இன்றே ஏற்றது. மற்றவற்றுக்கு லாரித் தொழிலே மாற வேண்டும், அதற்கு ஒரு தலைமுறை ஆகும்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் கொரோனாவால் பெட்ராபோல் சாலைவழி வணிகம் நின்றபோது, ஆந்திரத்தின் ரெட்டிபாலத்திலிருந்து காய்ந்த மிளகாய் தனிப் பார்சல் ரயிலில் பெனாபோலுக்குப் போனது. அந்த ஜூலையில் கண்டெய்னர் ரயிலும் ஓடியது. 1965 போருக்கு முன் இந்த எல்லையைத் தாண்டி ரயில்கள் வழக்கமாக ஓடின என்பதால், அது ஒன்றும் புதுமை இல்லை. மொத்தச் சரக்குக்கு ரயில்தான் சிறந்தது. ஆனால் பத்து டன், பதினைந்து டன் என்று பல சிறு இறக்குமதியாளர்களுக்குப் பிரிந்து போகும் சரக்கை அது ஏற்காது. லாரிக் கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கும்.

எல்லா ஒப்பீட்டையும் அசைத்துப் பார்த்தது 2025. அதற்கு முந்தைய ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியதைத் தொடர்ந்து உறவு கசந்தது. வங்கதேச ஏற்றுமதிகள் இந்திய நிலச் சுங்க நிலையங்கள் வழியாக இந்திய விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் சென்று மூன்றாம் நாடுகளுக்குப் போக 2020 முதல் இருந்த வசதியை, ஏப்ரல் 8 அன்று இந்தியா விலக்கிக்கொண்டது. அதே மாதத்தின் நடுவில், இந்திய நூலை நில எல்லைகள் வழியாக இறக்குமதி செய்வதை வங்கதேசம் நிறுத்தியது. மே 17 அன்று, வங்கதேச ஆயத்த ஆடைகள் மும்பை அருகேயுள்ள நவசேவா, கொல்கத்தா ஆகிய துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா ஆணையிட்டது. தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கும் திருப்பூர் ஆடைத் தொழிலுக்கும் இந்த ஆணைகள் இரு வேறு முகம் காட்டின. நூல் விற்பவருக்கு நிலவழி மூடியது இழப்பு. ஆடை தைப்பவருக்கு, போட்டியாளரின் வரவுக்குச் செலவு கூடியது ஆறுதல். தமிழ்நாட்டு ஆலைக்குக் கடல்வழி எப்போதும் கைவசம் உண்டு. எல்லையோர மாநிலங்களின் சிறு வணிகருக்கு அது இல்லை.

2025-ஐக் கண்டபின், ‘எது வேகமானது’ என்பதோடு ‘உறவு முறிந்தால் எது குறைவாக நட்டம் தரும்’ என்ற அளவுகோலையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. முற்றமும் வாயிலும் கட்டிப் போட்ட முதலீடு திரும்ப வராது. கதவடைத்தால் கட்டடம் நிற்கும். பெர்மிட்டை அடுத்த நாளே நிறுத்திவிடலாம், ஆனால் அதற்கென்று வாங்கிய வண்டிகளின் தவணை நிற்காது. டிஐஆரில் சேர்ந்திருந்தாலும் எந்தச் சரக்கை உள்ளே விடுவது என்ற உரிமையை எந்த நாடும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. நூலைத் தடை செய்ய விரும்பும் அரசை அந்த முத்திரை தடுக்காது. மாறாக, தாள்களை முன்கூட்டியே தாக்கல் செய்யும் கணினி இணைப்பும் மின்னணுப் பூட்டும் மலிவானவை. நிலவழி மூடினால் அதே பூட்டு ரயில் கண்டெய்னரிலும் துறைமுகச் சரக்கிலும் மாட்டப்படும்.

எனவே இரு அரசுகளும் மீண்டும் மேசைக்கு வரும்போது, தொடங்க வேண்டிய இடம் லாரி அல்ல, தாள்தான் என்பது என் முடிவு. இந்திய ஏற்றுமதியாளர் தாக்கல் செய்யும் விவரங்களே பெனாபோல் சுங்கத்துக்கு லாரி கிளம்பும்போதே போய்ச் சேர வேண்டும். இரண்டாம் முறை தட்டச்சு செய்யப்படும் ஒவ்வொரு எழுத்தும் பிழைக்கும் பேரத்துக்கும் இடம் தருகிறது. அடுத்து, ஒரே இறக்குமதியாளருக்குச் செல்லும் முழு லோடுகளுக்கு மின்னணுப் பூட்டும், டாக்காவை அடுத்த உள்நாட்டுச் சுங்க நிலையத்தில் தீர்வையும். இவை இரண்டும் ஓராண்டு ஒழுங்காக நடந்தபின் பெர்மிட்: மேகாங் நாடுகளைப் போல எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, வணிகத்தின் அளவு எப்படியிருந்தாலும் சரிபாதியை வங்கதேச லாரிகளுக்கு ஒதுக்கி. வணிகம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது பாதி பெர்மிட் அவர்களுக்கு ஏன் என்று நம் லாரிச் சங்கங்கள் கேட்கும். அந்தப் பாதி இல்லையென்றால் மற்றப் பாதியும் கிடைக்காது என்பதைத்தான் பூட்டானின் மேலவை காட்டியது. பல சிறு உருப்படிகள் கலந்த லோடுகள் இப்போதுபோலவே பெனாபோலில் மாற்றி ஏற்றப்படலாம். அவற்றை எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும். டிஐஆரைச் சாபஹார் திசைக்கு வைத்துக்கொள்வோம்.

நான்கு நாடுகளும் ஒருசேர வர வேண்டும் என்று காத்திருப்பதை விட்டு, இந்தப் பாதைக்கு மட்டும் இரு நாடுகள் தொடங்கலாம். நேபாளத்துக்கு, தன் எல்லையிலுள்ள காக்கர்பிட்டாவிலிருந்து வங்கதேச எல்லையிலுள்ள பங்களாபந்தா வழியாக வங்கதேசத்தை அடைவதில் உள்ள அக்கறை உண்மையானது. அதற்கும் இந்தத் தாள் வேலைதான் முன்தேவை.

இதில் பாதிக்கப்படப்போவோரையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த 28 மணி நேரம், இரு கரையிலும் மூட்டை சுமப்பவர்களின் கூலி நேரம். நிறுத்துமிடக் கட்டணத்தில் பிழைப்பவர்களுக்காக நான் வருந்தவில்லை. சுமைக்காரர்களின் நிலை வேறு. கலப்பு லோடுகள் எல்லையிலேயே தொடரும் என்பதால் வேலை ஒரேயடியாகப் போய்விடாது, ஆனால் குறையும். பெர்மிட் கட்டணத்தில் ஒரு பகுதியை அவர்களது நல நிதிக்கு ஒதுக்குவதை உடன்பாட்டின் உள்ளேயே எழுதாவிட்டால், முதல் மறியல் எங்கே நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

கடைசியாக, அளவை. இந்தியச் சுங்கத்துறை நடத்தும் நேர ஆய்வுகள் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடிகளையும் உள்ளடக்கியவைதான். ஆனால் ஒரு நாடு தனியாக அளந்தால் கடிகாரம் அதன் வாயிலோடு நின்றுவிடுகிறது. பெட்ராபோலில் நேரம் குறைந்ததாகக் காட்டப்படும் அதே மாதத்தில் பெனாபோலில் அது கூடியிருக்கக்கூடும். வனகாவ் நிறுத்துமிடத்தில் சீட்டு வாங்கும் நிமிடத்திலிருந்து பெனாபோல் வெளிவாயிலைச் சரக்கு தாண்டும் நிமிடம் வரை, இரு சுங்கத்துறைகளும் ஒரே லாரி எண்ணைக் கொண்டு கூட்டாக அளந்து, பெர்மிட் கொடுப்பதற்கு முன்பும் பின்பும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். எல்லையில் இரு துறைகளின் அலுவலகங்களும் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்கின்றன. அதற்குப் புதிய உடன்படிக்கை எதுவும் வேண்டியதில்லை.